லேடெக்கில் ஃப்ளோசார்ட் அம்புகள்: டிக்ஸோடு சில வருஷம்

மார்த்தாண்டத்தில் தீசிஸ், ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எல்லாம் லேடெக்கில் (LaTeX, கட்டளை எழுதி ஆவணம் தயாரிக்கிற மென்பொருள்) அடித்துக் கொடுக்கிற வேலை எனக்கு. சில வருஷமாக ஃப்ளோசார்ட் எதுவானாலும் அதற்குள்ளேயே கட்டளையால் படம் போடுகிற டிக்ஸில்தான் (TikZ) வரைகிறேன். அம்பு கோணலாக வந்தால் அம்பை நோண்டாதீர்கள், பெட்டியைப் பாருங்கள். இதைத்தான் முதலில் சொல்லுவேன்.

ஏன் என்றால், இரண்டு நோடுக்கு (பெட்டிக்கு டிக்ஸில் அதுதான் பேர்) நடுவே சும்மா -- (நேர்கோடு) போட்டால் டிக்ஸ் மையத்தில் இருந்து மையத்துக்குக் குறிவைத்து, கோட்டைப் பெட்டி விளிம்பில் வெட்டிவிடும். மையங்கள் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் கோடு சாயும், ஸ்க்ரீனில் தெரியாதது பிரிண்டில் பல்லிளிக்கும்.

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டக்காரர்களுக்கு ஒரு கையேடு செய்தேன். பாலை வடிகட்டுவது, ஃபார்மிக் ஆசிட் விட்டு உறைய வைப்பது, ரோலரில் ஷீட் அடிப்பது, புகை அறையில் போடுவது, அப்புறம் டைமண்டுக்குள் (கேள்விக்கான சாய்சதுரப் பெட்டி) 'உலர்ந்ததா?'. இல்லை என்றால் திரும்பப் புகை அறைக்கு. இது ஒரு வரிசை, பக்கத்தில் ஒட்டுபாலுக்கு (தானாக உறைந்து ஒட்டிக்கொண்ட ரப்பர் பால்) இன்னொரு வரிசை. பெட்டிகளுக்கு இடம் குறிக்கிற பொசிஷனிங் லைப்ரரியில் 'ரைட்=ஆஃப்' (இன்ன பெட்டிக்கு வலப்பக்கம்) என்று வைத்தால் இடைவெளி விளிம்பில் இருந்துதான் அளக்கப்படும், அதனால் இடப்பக்கப் பெட்டிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அகலம் என்றால் வலப்பக்க வரிசையின் மையங்கள் ஆளுக்கொரு பக்கம் போய் நிற்கும். எல்லாப் பெட்டிக்கும் ஒரே 'டெக்ஸ்ட் வித்' (எழுத்துக்கான அகலம்) கொடுத்தேன், பாதிப் பிரச்சினை அதிலேயே போனது. பழைய டுட்டோரியல்களில் வரும் 'ரைட் ஆஃப்=' வேறு சங்கதி, அது மையத்துக்கு மையம் அளக்கும், பெட்டி பெருத்தால் இடைவெளி சுருங்கும். இரண்டையும் கலக்கவே கூடாது.

திரும்பிப் போகிற அம்புதான் டிக்ஸில் எனக்கு ரொம்பப் பிடித்தது. டைமண்டின் ஈஸ்ட் (வலப்பக்க) முனையில் இருந்து ++ (நிற்கிற இடத்தில் இருந்து நகர்) போட்டு 2 சென்டிமீட்டர் வலப்பக்கம், அங்கிருந்து |- (முதலில் செங்குத்தாக, பிறகு கிடையாக) போட்டுப் புகை அறையின் ஈஸ்ட் முனைக்கு. அவ்வளவுதான், செங்கோணமாகத் திரும்பிப் போய் ஒட்டிக்கொள்ளும், நடுவில் புதிதாக ஒரு பெட்டியைச் செருகினாலும் பிடி விடாது. அந்த 2 மட்டும் குறுக்கே இருக்கிற பெட்டியைத் தாண்டும்படி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கோடு பெட்டியைக் கிழித்துக்கொண்டு போகும். தானாக ஒதுங்கிப் போகிற புத்தி டிக்ஸுக்குக் கிடையாது, பெரிய சார்ட்டில் அம்பும் அம்பும் வெட்டிக்கொண்டால் வழி நாமே பார்க்க வேண்டியதுதான்.

'ஆம்', 'இல்லை' எழுதும் இடத்தில் ஒரு வினோதம். |- பாதையில் பாதித் தூரம் என்பது சரியாக மூலைதான், கோடு எவ்வளவு நீளமானாலும் சரி. லேபிள் மூலையில் போய் உட்காருவது அதனால்தான். 'நியர் ஸ்டார்ட்' போட்டால் முதல் துண்டின் நடுவுக்கு வந்துவிடும்.

அம்பு முனைக்கு ஆரோஸ்.மெட்டா லைப்ரரியின் ஸ்டெல்த் என்கிற வடிவம் போதும். மூலையை வளைத்துவிடும் ரவுண்டட் கார்னர்ஸ் அழகுதான், ஆனால் கடைசித் துண்டு குட்டையாக இருந்தால் முனை அசிங்கமாகிவிடும்.

தமிழில் எழுதுகிறவர்கள் ஸீலேடெக்குக்கு (XeLaTeX, யூனிகோட் எழுத்தை நேராக எடுக்கிற லேடெக்) வந்துவிடுங்கள், ஃபான்ட் அமைக்கும்போது ஸ்க்ரிப்ட் தமிழ் என்று சொல்லாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். நம் சொற்களின் நீளத்துக்கு டைமண்ட் ஊதிப்போய்ப் பக்கத்தை அடைக்கும். ஆஸ்பெக்ட் (அகலத்துக்கும் உயரத்துக்கும் விகிதம்) 2 கொடுத்து, இன்னர் செப்பை (எழுத்துக்கும் விளிம்புக்கும் இடைவெளி) குறைத்து, கேள்வியையும் ஒரே சொல்லாகச் சுருக்குங்கள்.

ஒரே ஒரு சார்ட், நாளைக்குள் வேண்டும் என்றால் இதில் இறங்காதீர்கள், மவுஸால் வரைகிற டிரா.ஐஓவில் (draw.io) வரைந்து பிடிஎஃப் ஆக ஒட்டிவிட்டுப் போகலாம். தீசிஸ் கைடு வாராவாரம் ஒரு பெட்டியைக் கூட்டச் சொல்கிற ஆள் என்றால் டிக்ஸ்தான்.