ஊசோவா, அரக்கா, பாஸ்டிஸா?

கிரேக்கத்தின் ஊசோ, லெபனானின் அரக், பிரான்ஸின் பாஸ்டிஸ். மூன்றும் சோம்பு மணக்கும் மதுவகைகள்; தண்ணீர் விட்டதும் பால்போல வெளுக்கும். காரணம் அனெத்தோல் என்ற எண்ணெய். ஆல்கஹால் செறிவாக இருக்கும்வரை அதில் கரைந்து கிடக்கும்; தண்ணீர் கூடினால் நுண்துளிகளாகப் பிரிந்துவிடும். நம்மூர் சோம்பிலும் பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூவிலும் மணப்பது இதே எண்ணெய்தான். அதனால் மணத்தையும் வெண்மையையும் மட்டும் வைத்துத் தரம் பார்க்க முடியாது. உள்ளே இருக்கும் ஆல்கஹால் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

அந்தக் கணக்கில் என் ஓட்டு அரக்குக்கு. (இலங்கைத் தென்னஞ்சாராயம் வேறு சரக்கு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில் ஒபைதி, மெர்வா போன்ற உள்ளூர்த் திராட்சைகளைப் புளிக்கவைத்து, செப்புக் கொப்பரையில் காய்ச்சி, மறுபடி காய்ச்சும்போது சோம்பு போல மணக்கும் அனிஸ் விதை சேர்க்கிறார்கள். நல்ல அரக் பெரும்பாலும் மூன்று முறை காய்ச்சியது. பிறகு மண்ஜாடிகளில் ஓய்வெடுக்கும். காரம் அடங்குவது அங்கேதான். 1868-இல் தொடங்கிய டொமேன் தெ தூரெல் என்ற நிறுவனம் இன்றும் இந்த வழியில்தான் போகிறது. 50 சதவீதத்தை ஒட்டிய வீரியம், ஜாக்கிரதை. வெறும் ஸ்பிரிட்டில் எசன்ஸ் கலந்த மலிவு அரக்கும் கடைகளில் உண்டு.

ஊசோவில் லேபிளைப் படிக்காமல் வாங்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, மொத்த ஆல்கஹாலில் 20 சதவீதம் மட்டும் விதைகளோடு காய்ச்சியதாக இருந்தால் போதும். மீதி சாதாரண ஸ்பிரிட்டாக இருக்கலாம். 'நூறு சதவீதம் காய்ச்சி வடித்தது' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். லெஸ்போஸ் தீவின் ப்ளோமாரி ஊர்தான் இதற்குப் பேர்போனது. வர்வயானி குடும்பம் 1860 முதல் அங்கே காய்ச்சுகிறது. சுட்ட ஆக்டோபஸுக்கு அரக்கைவிட இதுவே பொருத்தம். வீரியம் குறைவு, உப்பு ருசியை அமுக்காது.

பாஸ்டிஸ் பெரும்பாலும் காய்ச்சுவதைவிடக் கலப்பதில் நிற்கும் சரக்கு. அப்சிந்த் என்ற மூலிகை மதுவை 1915-இல் பிரான்ஸ் தடை செய்த பிறகு, 1932-இல் மார்செய்யில் போல் ரிக்கார் என்பவர் பாஸ்டிஸைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதிமதுரம் கட்டாயம், சர்க்கரையும் உண்டு. ஆன்ரி பார்துவான் பிராண்டு போல அறுபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் சேர்ப்பவை விதிவிலக்கு. மற்றவை எனக்குத் தித்திப்பு.

எதை வாங்கினாலும் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், குளிரில் அனெத்தோல் உறைந்து மிதக்கும். அரக்குக்கு ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர், ஐஸ் கடைசியில். ஐஸை முதலில் போட்டால் மேலே ஏடு படியும்.