2 லட்சம் கிலோமீட்டர் ஓடிய இன்னோவா: பெரிய சர்வீஸுக்கு மூன்று எஸ்டிமேட்

வண்டி 2012 மாடல் இன்னோவா, 2.5 டீசல். மீட்டர் 1,99,000-ஐத் தாண்டியதுமே எனக்கு வயிற்றைப் பிசைய ஆரம்பித்துவிட்டது. ஒரு லட்சத்தில் மாற்றிய டைமிங் பெல்ட்டுக்கு (இன்ஜினில் வால்வும் பிஸ்டனும் மோதாமல் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் பெல்ட்) மறுபடி முறை வந்துவிட்டது. கூடவே இன்ஜின் ஆயில், ஃபில்டர்கள், கூலண்ட், பிரேக் ஆயில், கியர் ஆயில், டிஃப்ரன்ஷியல் (பின் அச்சில் சக்கரங்களைச் சுழற்றும் கியர் பெட்டி) ஆயில், முன்பக்க பிரேக் பேட் என்று எல்லாம் ஒரே நேரத்தில் வரிசை கட்டி நின்றன.

மூன்று இடங்களில் எஸ்டிமேட் வாங்கினேன். கம்பெனி சர்வீஸ் சென்டரில் 38,400. எல்லா பிராண்டும் பார்க்கும், பல கிளைகள் உள்ள செயின் ஒர்க்‌ஷாப்பில் 24,900. வழக்கமாகப் போகும் ஷெட் மெக்கானிக், "முன்னப்பின்ன 19,000 ஆகும் சார்" என்றார். பாதிக்குப் பாதி வித்தியாசம் என்று துள்ளிக் குதிக்கத் தோன்றியது. மூன்றையும் வரி வரியாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் மூன்றும் ஒரே வேலைக்கான விலையே இல்லை என்று புரிந்தது.

கம்பெனி சர்வீஸ்

38,400-இல் 8,700 ரூபாய் நான் கேட்காத வேலைகளுக்கு. இன்ஜின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனர், ஏ.சி.க்குக் கிருமிநாசினி ஸ்ப்ரே, அடிப்பக்கத்துக்குக் கோட்டிங், உள்ளே சீட்டுக்குப் பாலிஷ். வண்டியோடு வந்த மேனுவலில் மெயின்டனன்ஸ் பட்டியலைத் திறந்து பார்த்தால் இதில் ஒன்றுகூடக் கிடையாது. அடித்துவிடச் சொன்னேன். அட்வைசர் தம்பி ஒரு பெருமூச்சு விட்டு, "ரெண்டு லட்சம் ஓடின வண்டி சார், அப்புறம் உங்க இஷ்டம்" என்றார். அந்த வாக்கியத்துக்குப் பயந்துதான் பலரும் கையெழுத்துப் போடுகிறார்கள். அடித்த பிறகு தொகை 29,700.

அந்த 29,700 அநியாயம் என்று சொல்ல மாட்டேன். சரியான பார்ட் நம்பர், சரியான அளவு ஆயில், கம்ப்யூட்டரில் ஏறும் ஹிஸ்டரி எல்லாம் அதில் அடக்கம். வண்டியை விற்கும் எண்ணம் இருந்தால் அந்த ஹிஸ்டரிக்கு மதிப்பு உண்டு. எனக்கு விற்கும் எண்ணம் இல்லை. இன்னொன்று, பழைய பில்லை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். 28 சதவீத ஜி.எஸ்.டி.யில் இருந்த உதிரிபாகங்களும் 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்துக்கு வந்துவிட்டன. லேபருக்கு முன்பும் 18, இப்போதும் 18.

செயின் ஒர்க்‌ஷாப்

ஏ.சி. உட்கார இடம், காபி, மொபைலில் போட்டோ, எல்லாம் பிரமாதம். ஆனால் அந்தப் பேக்கேஜ் சின்ன கார்களை மனதில் வைத்துப் போட்டது. இன்னோவா பின்சக்கரம் தள்ளுகிற வண்டி, பின்னால் டிஃப்ரன்ஷியலுக்குத் தனி ஆயில் உண்டு. எஸ்டிமேட்டில் அது இல்லை. டைமிங் பெல்ட்டும் இல்லை. இரண்டையும் சேர்க்கச் சொன்னதும் தொகை 31,000-ஐத் தாண்டியது. கம்பெனியை விட அதிகம்! என்ன பெல்ட் போடுவீர்கள் என்று கேட்டேன். "ஓ.இ.எம். குவாலிட்டி சார்." அதாவது கம்பெனி பார்ட்டுக்கு ஈடான தரமாம். எந்த பிராண்ட்? அதற்குப் பதில் இல்லை. ஸ்விஃப்ட், ஐ10 வைத்திருப்பவர் வருடாந்திர ஆயில் சர்வீஸுக்குத் தாராளமாகப் போகலாம். எனக்கு அது சரிப்படவில்லை.

ஷெட் மெக்கானிக்

இங்கே 19,000 எப்படி வந்தது? கூலண்ட் உள்ளூர்ப் பச்சை. ஃபில்டர்கள் ஸ்பேர்ஸ் கடைக்காரர் கொடுப்பது எதுவோ அது. பெல்ட்டை மட்டும் அவரே, "அது மட்டும் கம்பெனி பீஸ் வாங்கிட்டு வந்துடுங்க சார், அதுல நான் ரிஸ்க் எடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். மெக்கானிக் இப்படிச் சொன்னாலே பாதி நம்பிக்கை வந்துவிடும்.

காரணம் இருக்கிறது. ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி, இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டையே பிரிக்க வேண்டிவரும். ஆனால் இந்த இன்ஜினில் பெல்ட் மாற்றுவது பெரிய வித்தை இல்லை. இன்ஜினின் முன்பக்கம் மேலேயே கவர் இருக்கிறது, பெல்ட்டும் குட்டை, வாட்டர் பம்ப்பும் அதில் ஓடுவதில்லை. மார்க் பார்த்து மாட்டத் தெரிந்த கை போதும். ஆகவே இங்கே காசு பார்ட்ஸில்தான், லேபரில் இல்லை. எல்லா வண்டிக்கும் இந்தக் கணக்கு ஒத்துவராது. டஸ்டர் 1.5 டீசலில் வாட்டர் பம்ப்பையும் டைமிங் பெல்ட்தான் சுற்றுகிறது. அங்கே பெல்ட்டோடு பம்ப்பையும் மாற்றிவிடுவதுதான் சிக்கனம், இல்லையென்றால் பம்ப் போகிறபோது அதே லேபரை இன்னொரு முறை கொடுக்க வேண்டும். ஸ்விஃப்ட் 1.3 டீசலிலும் இன்னோவா கிரிஸ்டா 2.4-லும் பெல்ட்டுக்குப் பதில் இரும்புச் செயின். அந்த வண்டிகளுக்கு யாராவது "டைமிங் பெல்ட்" என்று எஸ்டிமேட் எழுதினால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

கடைசியில் வேலையைப் பிரித்துக்கொண்டேன். டீலரின் பார்ட்ஸ் கவுண்டரில் யாருக்கும் பில் போட்டுக் கொடுப்பார்கள், சர்வீஸுக்கு விட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சேஸிஸ் நம்பரைக் கொடுத்தால் சரியான பார்ட் நம்பர் வந்துவிடும். பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அது உருளும் ஐட்லர், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், பிங்க் கூலண்ட் அங்கே வாங்கினேன். பிரேக் பேடும் ஏர் ஃபில்டரும் உதிரிபாகக் கடைகள் நிறைந்த சென்னை ஜி.பி. ரோட்டில். ஜி.பி. ரோட்டில் பேரம் படியும், ஆனால் டூப்ளிகேட்டும் அதே ரேக்கில்தான் இருக்கும். ஃபில்டரில் அது ரொம்ப சகஜம் என்பதால் ஆயில், டீசல் ஃபில்டர் இரண்டையும் அங்கே வாங்குவதில்லை.

பொருளை நாமே வாங்கிக்கொண்டு போனால் மெக்கானிக்குக் கடையில் கிடைக்கும் கமிஷன் போய்விடும். அதை மறந்துவிட்டு லேபரிலும் பேரம் பேசினால் கோபம் வேலையில் தெரியும். கேட்டதற்கு மேல் 1,000 ரூபாய் சேர்த்துத் தருகிறேன், ஆனால் வேலை நடக்கும்போது பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

உட்கார்ந்ததில் ஒன்று கற்றுக்கொண்டேன். டிஃப்ரன்ஷியலில் அவர் முதலில் கழற்றியது கீழே இருக்கும் டிரெயின் போல்ட்டை அல்ல, மேலே ஆயில் ஊற்றும் போல்ட்டை. "கீழே இறக்கிட்டு மேல் போல்ட் கழரலைன்னா வண்டி இங்கேயே நிக்கும் சார்." கழற்றிய பழைய பெல்ட்டைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். ஒரு விரிசல் இல்லை, பல் தேயவில்லை, எழுத்துகூட அழியவில்லை. இதையா மாற்றினோம் என்று ஒரு நொடி ஆதங்கம். பார்வைக்கு நல்ல பெல்ட்டும் அறுந்திருக்கிறது என்று அவர் வேறொரு வண்டியின் கதையைச் சொன்ன பிறகுதான் மனது ஆறியது. காலி ஆயில் கேன்களை ஸ்க்ரூடிரைவரால் குத்திவிட்டுக் குப்பையில் போட்டோம், யாரும் மறுபடி நிரப்பி விற்கக் கூடாதே.

மொத்தம் 22,600. முதல் எஸ்டிமேட்டோடு ஒப்பிட்டால் 15,800 மிச்சம். இதில் 8,700 கம்பெனியின் பேப்பரில் பேனாவால் அடித்தபோதே மிச்சமானது. இடம் மாற்றியதால் வந்தது 7,100 மட்டும். அந்த 7,100-க்காக ஒரு நாள் லீவு, இரண்டு இடத்தில் அலைச்சல். லீவு கிடைக்காதவர் அடித்துத் திருத்திய 29,700-க்குக் கம்பெனியிலேயே விட்டுவிடலாம், நஷ்டமில்லை.

ஒன்றே ஒன்று பாக்கி நின்றது. டைமிங் பெல்ட் மாற்றும் நேரத்தை நினைவூட்டும் டாஷ்போர்டு டி-பெல்ட் விளக்கை ரீசெட் செய்ய மெக்கானிக் மறந்துவிட்டார், மறுநாள் திரும்பப் போய்ச் செய்துகொண்டு வந்தேன். கிளட்ச் இன்னும் 30,000 தாங்கும் என்று அப்போது சொன்னார். வீட்டுக்கு வரும் வழியிலேயே ஐசின் கிளட்ச் செட் விலையை இரண்டு கடையில் விசாரித்துவிட்டேன்.