உப்புக் காற்றில் கொயிலோவர்: கொறோலா 110இல் மூன்று மாரி கடந்த பின்

மட்டக்களப்பில் ஓடும் 1998 ரொயோட்டா கொறோலா 110 கார் ஒன்றில் நான்கு சில்லுக்கும் கொயிலோவர் பூட்டி மூன்று மாரி கடந்துவிட்டது. கொயிலோவர் என்பது ஸ்பிரிங்கும் சொக்கும் (அதிர்வடக்கி) ஒன்றாகச் சேர்ந்த, காரின் உயரத்தை மாற்றக்கூடிய செட். பூட்டுவதைப் பற்றி எழுதுகிறவர்கள் நிறையப் பேர். பூட்டிய பிறகு அது எப்படி இருக்கிறது என்று எழுதுகிறவர்கள்தான் குறைவு. கொயிலோவருக்குக் கொடுக்கும் காசு உயரத்தை மாற்றும் வசதிக்கான காசு. எழுவான்கரையின் (வாவிக்கும் கடலுக்கும் இடையிலான கரையோரம்) உப்பும் மணலும் அந்த வசதியை ஒரே வருடத்தில் இறுக்கிவிடும். அதற்குப் பிறகு மிஞ்சுவது விலை கூடிய, விறைத்த, சாதாரண சொக் மட்டுமே.

செட் மொனோடியூப் வகை, ஒற்றைக் குழாய்க்குள் ஒயிலும் அழுத்தக் காஸும். சொக்கின் இறுக்கத்தை மாற்றும் குமிழில் 32 கிளிக். ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீற்றர் அமுக்க முன்னால் 6 கிலோ, பின்னால் 4 கிலோ பாரம் வேண்டும். உயரத்தைக் கீழ் பிராக்கெட்டில் மாற்றலாம், ஸ்பிரிங் இருக்கை தனி. பழைய ஸ்பிரிங் ஏறத்தாழ 2 கிலோ. முன்னால் 25, பின்னால் 20 மில்லிமீற்றர் மட்டும் இறக்கப்பட்டது. 185/65 டயர், 14 அங்குல றிம்.

இந்தக் கணக்கை வாங்க முதலே போட்டுப் பார்க்க வேண்டும். 110இன் முன் சில்லு ஒன்றின் மேல் நிற்கும் பாரம் சுமார் 280 கிலோ. 2 கிலோ ஸ்பிரிங் அதைத் தாங்க 140 மில்லிமீற்றர் அமுங்கும். 6 கிலோ ஸ்பிரிங் 47 மட்டுமே அமுங்கும். குழி வந்தால் சில்லு கீழே தொங்கக் கிடைக்கும் இடமும் அந்த 47தான். அதிலே "ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இறுக்குவோம்" என்று 20 மில்லிமீற்றர் பிரீலோட் (பூட்டும்போதே ஸ்பிரிங்கை அமுக்கி வைப்பது) கொடுத்தால் மிஞ்சுவது 27. மதகு கடந்து வீதி சடாரென்று இறங்கும் இடத்தில் 'டொக்' என்று கேட்பது இதனால்தான். பிரீலோட் ஸ்பிரிங்கைக் கடினமாக்காது. 6 கிலோ எப்போதும் 6 கிலோதான். கராஜ்களில் தொண்ணூறு வீதமான தகராறு இந்த ஒரு விஷயத்தில்தான் தொடங்குகிறது என்று அடித்துச் சொல்லலாம். இருக்கையைக் கையால் இறுக்கி, ஸ்பிரிங் ஆடாத அளவுக்கு வந்ததும் இன்னும் 2 அல்லது 3 மில்லிமீற்றர். அவ்வளவு போதும்.

பூட்டும் வேலை 110இல் சிக்கலில்லை. நான்கு பக்கமும் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் சொக்கும் சேர்ந்த தூண்) என்பதால் மேலே மூன்று நட், கீழே இரண்டு பெரிய போல்ட். ஆனால் கரையோரக் காரில் அந்தப் பெரிய போல்ட் இரண்டும் இலகுவில் அசையாது. இரண்டு நாளுக்கு முன்பே கறள் இளக்கும் ஒயில் அடித்து, மறுநாள் இன்னொரு தரம் அடித்து வைத்தால் புரி சேதமாகாமல் தப்பும். கழற்ற முதல் நான்கு சில்லிலும் நடு மையத்திலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை அளந்து எழுதி வைக்க வேண்டும். நிலத்திலிருந்து அளந்தால் டயர்க் காற்று கூடக்குறைய அளவும் மாறிவிடும்.

முன் இரண்டு சில்லையும் ஒன்றாகத் தூக்குங்கள். ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினால் இரு பக்கத்தையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் மற்றப் பக்கத்தைப் பிடித்து இழுக்கும், போல்ட் நேருக்கு வராது. போல்டைத் தட்டி எடுத்தவுடன் நக்கிள் (சில்லைத் தாங்கும் இரும்புப் பாகம்) வெளிப்புறமாகச் சாயும். கம்பியால் கட்டாவிட்டால் பிறேக் ஹோஸும் டிரைவ் ஷாஃப்ட் ஜொயின்டும் அந்தப் பாரத்தைத் தாங்க நேரும். பழைய ஸ்ட்ரட்டின் நடு நட்டைக் காரில் இருக்கும்போது தொடக் கூடாது, அமுங்கிய ஸ்பிரிங் அதிலேதான் நிற்கிறது. பின் ஸ்ட்ரட்டின் மேல் நட்டுக்குப் பின் சீட்டின் சாய்மானத்தைக் கழற்ற வேண்டும். கையோடு பின்கண்ணாடிக்குக் கீழுள்ள தட்டில் கிளிக் குமிழுக்கு நேரே ஒரு துளையும் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு தரமும் சீட்டைக் கழற்றுகிற வேலை சலித்துப்போய், பின் சொக் நிரந்தரமாக ஒரே கிளிக்கில் நின்றுவிடும்.

பிறேக் ஹோஸ் பிடி புதிய ஸ்ட்ரட்டில் உள்ளதா என்று செட்டைப் பிரித்தவுடனேயே பாருங்கள். இல்லாத இடத்தில் பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டி அனுப்புவது வழக்கமாகிவிட்டது. வெயிலில் அது வெடிக்கும், ஹோஸ் டயரில் உரசும். தகடு வெட்டிப் பிடி செய்து போல்ட் போடுவதே சரி.

றப்பர் புஷ் உள்ள போல்ட் எதையும் கார் ஜெக்கில் தொங்கும்போது இறுதியாக இறுக்க வேண்டாம். சில்லு நிலத்தில் பதிந்து, காரை நாலு தரம் அமுக்கிவிட்ட பிறகுதான் இறுக்க வேண்டும். தொங்கலில் இறுக்கினால் புஷ் எந்நேரமும் முறுகியே நிற்கும், மாதக் கணக்கில் கிழிந்துவிடும். கீழ் பிராக்கெட்டுக்குள் குறைந்தது 30 மில்லிமீற்றர் புரி ஏறியிருக்க வேண்டும். சில்லு நட்டுக்கு 103 நியூட்டன் மீற்றர். 200 கிலோமீற்றர் ஓடியதும் எல்லாவற்றையும் மீண்டும் இறுக்கிப் பார்த்து, அதன் பிறகே அலைன்மென்ட். இந்தக் காரில் முன் கம்பர் (சில்லின் மேல்பக்கம் சாயும் கோணம்) மைனஸ் 40 பாகை நிமிடம், டோ (சில்லுகளின் முன்பக்கம் திரும்பி நிற்கும் அளவு) உட்பக்கம் 1 மில்லிமீற்றர். டயரின் உள்விளிம்பு இன்னும் தேயாமல் தப்பியிருக்கிறது. ஹெட்லைட்டையும் திரும்பச் சரிபார்க்க மறக்க வேண்டாம்.

இனி ஓட்டம். கல்முனை, அக்கரைப்பற்று தாண்டிப் பொத்துவில் போகும் ஏ4 கார்பட் வீதியில் கார் நன்றாக நிற்கிறது. வளைவில் சாய்வு குறைவு, பிறேக் போட்டால் மூக்கு குத்துவதில்லை. டிக்கியில் 130 கிலோ அளவில் இரண்டு நெல் மூட்டை போட்டால் பின்பக்கம் 16, 17 மில்லிமீற்றர்தான் இறங்குகிறது. பழைய ஸ்பிரிங்கில் அதன் இரட்டிப்பு. இந்த ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோரும் பாராட்டினார்கள்.

வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கிரவல் வீதியில் கதை வேறு. கார் துள்ளும் வேகம் நொடிக்கு சுமார் 1.3 தரத்திலிருந்து 2.3 தரமாக ஏறிவிட்டது. வயிறும் கழுத்தும் அதை உணரும். கிளிக்கை முழுவதும் மெதுவாக்கினால் சரியாகும் என்று எல்லோரும் நினைப்பார்கள். சரியாகாது. 6 கிலோ ஸ்பிரிங் திரும்பி எழும்புவதை அடக்கச் சொக்குக்குப் பலம் வேண்டும், இல்லாவிட்டால் ஒரு குழிக்கு மூன்று ஆட்டம். முழு இறுக்கத்திலிருந்து பின்னோக்கி எண்ணினால் கார்பட்டுக்கு முன்னால் 14, பின்னால் 16. கிரவலுக்கு 20, 22. அதற்கு மேல் இளக்கினால் மெதுமை வராது, தளம்பல்தான் வரும். திரும்ப வாங்குவதென்றால் முன்னால் 4, பின்னால் 3 கிலோ ஸ்பிரிங்கே தெரிவு.

சேதங்களுக்கு வருவோம். முதலில் போனது முன் மேல் மவுன்டின் (ஸ்ட்ரட்டைக் கார் உடலோடு பிடிக்கும் பாகம்) உலோகக் குண்டு. ஐந்தாவது மாதம் ஸ்டியரிங் திருப்பும்போது 'கிர்க்' என்றது. வெள்ளத்தில் வந்த மணல் உள்ளே போயிருந்தது. றப்பர் மவுன்ட் போட்ட பின்பக்கத்தில் இன்றுவரை சத்தமில்லை. ஓட்டப்பந்தயம் ஓடாத காருக்கு முன்னாலும் றப்பரே போதும்.

அடுத்தது, வைத்த உயரம் மாறாமல் இறுக்கிப் பிடிக்கும் பூட்டு வளையம். வளையம் அலுமினியம், ஸ்ட்ரட்டின் உடல் இரும்பு. நடுவில் உப்புநீர் நின்றால் அலுமினியம் அரிபட்டு வெள்ளைப் பொடியாகிப் புரிக்குள் கல்லாக இறுகும். முதல் மாரி முடிந்து தை மாதம் பார்த்தபோது இடது முன் வளையம் அசையவில்லை. உளியும் சுத்தியலும் எடுத்தால் வளையத்தின் பல்லு போகும், கொக்கிச் சாவி பிறகு பிடிக்காது. வெந்நீர், மென்மையான பிறஷ், ஊறும் ஒயில், ஒரு இரவு. அடுத்த நாள் முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல், பிறகு இளக்கும் பக்கம். அப்படித்தான் வந்தது.

பாதுகாப்புக்குக் கிறீஸ் பூச வேண்டாம். இந்தக் கரையில் கிறீஸ் மணலைப் பிடித்து அரைக்கும் பசையாகிவிடும். செப்புத்தூள் கலந்த பசையும் அலுமினியத்துக்கு ஆகாது. காய்ந்து மெழுகுபோல் படியும் ஸ்பிறே போதும். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் புரியைக் கழுவி, வளையத்தை அரைச் சுற்று அசைத்து மீண்டும் அதே குறியில் பூட்ட வேண்டும். குறிக்கு வெள்ளைப் பெயின்ட். சேர்விஸ் ஸ்டேஷனில் அடியில் டீசல் விசிறும் பழக்கம் இன்னும் இருக்கிறது. கறளுக்கு நல்லது என்பார்கள், புஷ் றப்பருக்கு அது நஞ்சு. முதலே சொல்லித் தடுக்க வேண்டும்.

மூன்றாவது மாரியில் வலது பின் சொக்கில் ஒயில் கசிந்தது. தூசு உறை கிழிந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. தண்டில் நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்குக் கீறல். உறை சிறிய விலை, சொக் அப்படியல்ல. சீல் மாற்றிக் காஸ் அடைக்கக் கொழும்புக்கு அனுப்ப வேண்டியதாயிற்று, கார் அதுவரை முட்டுக்கட்டையில்.

கொழும்பின் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் பாவித்த செட் பார்ப்பவர்களுக்கு ஒரு சோதனை. மொனோடியூப் தண்டைக் கையால் அமுக்கி விடுங்கள். நிதானமாகத் தானே வெளியே வர வேண்டும். உள்ளேயே நின்றால் காஸ் போய்விட்டது. வளையங்களும் அங்கேயே உங்கள் கண் முன்னால் சுற்ற வேண்டும். "ஊருக்குப் போய் ஒயில் போட்டால் சுற்றும்" என்ற பேச்சுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

கழற்றிய பழைய ஸ்ட்ரட் நான்கையும் இரும்புக் கடைக்குக் கொடுத்துவிடாதீர்கள். கழுவி, ஒயில் துணி சுற்றி, நிமிர்த்தி வையுங்கள். படுக்க வைத்தால் இரட்டைக் குழாய்ச் சொக்கில் காற்று இடம் மாறி, பூட்டியவுடன் சில தூரம் வெறுமனே ஆடும். சொக் கொழும்புக்குப் போயிருந்த நாட்களில் அவை இரும்புக் கடைக்குப் போகாமல் இருந்திருந்தால் காரும் முட்டுக்கட்டையில் நின்றிருக்காது.