லேஸும் வேண்டும், குனியவும் கூடாது: சுலபமாக மாட்டிக் கழற்றும் ஷூக்கள், ஓர் ஒப்பீடு

எந்த வீட்டு வாசலிலும் கிடக்கும் லேஸ் ஷூக்களின் பின்பக்கத்தைப் பாருங்கள். பல ஜோடிகளில் குதிகால் பகுதி மடங்கி நசுங்கியிருக்கும். முடிச்சை அவிழ்க்காமல் ஒரு காலால் இன்னொரு காலை மிதித்துக் கழற்றுகிறோம். திரும்பப் போடும்போது பின்பக்கத்தை மிதித்துக்கொண்டே காலைத் திணிக்கிறோம். வீடு, கோயில், கிளினிக், கணினி அறை என்று ஒரு நாளில் பலமுறை கழற்றி மாட்டுகிற நமக்கு, காலையில் கட்டி இரவில் அவிழ்ப்பவர்களுக்காக உருவான ஷூ பொருந்தவில்லை. வாசலிலேயே கழற்றும் பழக்கமுள்ள ஜப்பானில் லேஸுடன் பக்கவாட்டில் ஜிப்பும் வைத்த ஷூக்கள் சாதாரணமாகக் கிடைக்கின்றன. நம் ஊர்க் கடைகளில் அதைத் தேட வேண்டியிருக்கிறது.

இப்போது சந்தையில் இதற்கு நாலைந்து விதமான தீர்வுகள் இருக்கின்றன. எல்லாமே ஒரே சிக்கலை வெவ்வேறு இடத்தில் தீர்க்கப் பார்க்கின்றன.

குதிகாலின் அடிமுனையில் டேப்பை வைத்து, கணுக்காலுக்கு முன்னால் பாதம் மடங்கும் இடம் வரை சாய்வாகச் சுற்றி அளந்து பாருங்கள். பாதத்தின் மற்ற சுற்றளவுகளை விட இது பெரியது. லாஸ்ட் எனப்படும் கால் அச்சைச் செய்பவர்கள் இதைத் தனியாகவே அளப்பார்கள். கால் உள்ளே போகும்போது இந்தச் சுற்றளவு முழுவதும் ஷூவின் வாயைக் கடந்தாக வேண்டும். உள்ளே போனதும் வாய் அதைவிடச் சிறியதாக வேண்டும், இல்லாவிட்டால் நடக்கும்போது குதிகால் மேலே கிளம்பிவிடும். நுழையும்போது அகலம், நடக்கும்போது இறுக்கம்: ஷூ வடிவமைப்பவரின் தலைவலி இதுதான்.

லேஸ் இங்கே இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்கிறது. ஒன்று, அவரவர் காலுக்கு ஏற்ப அளவு பிடிப்பது. இன்னொன்று, பூட்டுவது. அளவு பிடிக்கும் வேலை ஒருமுறை செய்தால் பல வாரத்துக்குப் போதும். பூட்டும் வேலை தினமும் பலமுறை வரும். இந்த இரண்டையும் பிரித்து, லேஸை அளவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பூட்டுவதை வேறொன்றிடம் கொடுக்கும் ஷூதான் நல்ல ஷூ. கீழே எல்லாவற்றையும் இந்த அளவுகோலை வைத்துத்தான் பார்க்கிறேன்.

முதலில் எலாஸ்டிக் லேஸ். மலிவானது, இருக்கிற ஷூவிலேயே கோத்துக்கொள்ளலாம். டிரையத்லான் வீரர்கள் நீச்சல், சைக்கிள் முடித்து ஓட்டத்துக்கு மாறும்போது நொடிகளை மிச்சப்படுத்த இதைத்தான் நம்புகிறார்கள். மூன்று வகை உண்டு: பின்னல் உறைக்குள் ரப்பர் இழைகள் ஓடும் சாதாரண வகை, முனையில் பிளாஸ்டிக் பூட்டு வைத்த வகை, ஒவ்வொரு ஜோடி ஓட்டைக்கும் தனித்தனியாக மாட்டும் சிலிகான் பட்டை. கால் வீங்கினாலும் சேர்ந்து விரிந்து கொடுப்பது இதன் பெரிய நன்மை. மாலையில் கால் கனக்கும் பெரியவர்களுக்கு இது நிம்மதி.

ஆனால் அளவும் பூட்டும் இங்கே பிரியவில்லை, ஒன்றுக்குள் ஒன்றாகவே இருக்கின்றன. சுலபமாக நுழையும்படி தளர்வாகக் கோத்தால் நடையில் பிடிப்பு இல்லை. பிடிப்பாகக் கோத்தால் நுழைவது பழையபடி போராட்டம். பேட்மின்டன், கால்பந்து மாதிரி பக்கவாட்டில் சட்டென்று திரும்பும் விளையாட்டுகளுக்கு இதை நான் சொல்ல மாட்டேன், கால் உள்ளேயே வழுக்கும். போதாக்குறைக்கு ரப்பர் வெயிலிலும் வியர்வையிலும் தளர்ந்துகொண்டே போகும். வாங்கினால் ஒரு தந்திரம்: விரல் பக்கமுள்ள கீழ் ஓட்டைகளில் சாதாரண லேஸை இறுக்கிக் கட்டிவிட்டு, மேலே உள்ள இரண்டு மூன்று ஜோடிகளில் மட்டும் எலாஸ்டிக்கைக் கோத்துக்கொள்ளுங்கள். முன்பாதம் அசையாது, வாய் மட்டும் விரியும்.

ரப்பரை நம்பிக் காலணி செய்வது புதிய யோசனை இல்லை. விக்டோரியா அரசிக்குக் காலணி செய்து கொடுத்த ஸ்பார்க்ஸ் ஹால், கணுக்காலின் இருபுறமும் எலாஸ்டிக் வைத்த பூட்ஸுக்கு 1851ல் காப்புரிமை பெற்றார். இன்று செல்சீ பூட் என்று விற்பது அதன் வழித்தோன்றல்தான். இங்கிலாந்துத் தோல் ஷூக்களில் லேஸிமேன் என்று ஒரு ரகம் உண்டு. பார்க்க முறையான ஷூ மாதிரியே இருக்கும், பக்கவாட்டில் எலாஸ்டிக் இருக்கும், லேஸ் வெறும் அலங்காரம். அலுவலகத்துக்கு அழகு, ஆனால் அளவு சரிசெய்ய வழியே கிடையாது. அகலக் காலோ, உயர்ந்த மேற்பாதமோ உள்ளவர் பணத்தைக் கொடுத்து வலியை வாங்கியதாகிவிடும்.

அடுத்தது டயல். அமெரிக்காவின் கொலராடோவில் கேரி ஹேமர்ஸ்லாக் உருவாக்கிய போவா என்ற டயல், 2001ல் பனிச்சறுக்கு பூட்ஸ்களில் வந்தது. லேஸுக்குப் பதில் மெல்லிய எஃகுக் கம்பி. டயலை அழுத்தித் திருகினால் இறுகும், வெளியே இழுத்தால் மொத்தமும் ஒரே நொடியில் தளரும். சைக்கிள் பந்தய வீரர்கள் ஓட்டியபடியே ஒரு கையால் இறுக்கத்தைக் கூட்டிக் குறைப்பார்கள். பிடிப்பின் நுணுக்கத்தில் இதை எதுவும் மிஞ்சவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். ஒரு கை மட்டுமே பயன்படும் ஒருவருக்கு இது வரப்பிரசாதம். ஆனால் குனிந்தே ஆக வேண்டும், கையும் வேண்டும். கம்பி அறுந்தாலோ டயல் உடைந்தாலோ தெருமுனையில் சரிசெய்ய ஆள் கிடைக்காது. வாசலில் நாளுக்குப் பத்துமுறை கழற்றுகிறவருக்கான பொருள் இது இல்லை.

மோட்டார் வைத்துத் தானே இறுகும் ஷூக்களும் வந்தன. நைக்கி 2016ல் ஹைப்பர்அடாப்ட், 2019ல் 350 டாலருக்குக் கூடைப்பந்துக்கான அடாப்ட் என்று இறக்கியது. சார்ஜ் போட வேண்டிய ஷூ, போனில் செயலி. அந்தச் செயலியைக் கொடுப்பதை 2024ல் நிறுத்திவிட்டார்கள். காலில் போடுகிற பொருளை ஒரு செயலியின் ஆயுளோடு கட்டிப்போடக் கூடாது. இதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

இப்போது ஜிப்புக்கு வருவோம். என் ஓட்டு இதற்குத்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களின் உயரமான லேஸ் பூட்ஸ்களில் முன்பக்கம் ஒரு தோல் பட்டை இருக்கும், நடுவில் ஜிப். பட்டையின் இரு ஓரங்களிலும் ஓட்டைகள். பூட்ஸின் லேஸை அந்த ஓட்டைகள் வழியாக இழுத்து, காலுக்குக் கச்சிதமாக ஒருமுறை கட்டிவிடுவார்கள். அதன் பிறகு மணி அடித்தால் ஜிப்பை இழுத்துக்கொண்டு ஓட வேண்டியதுதான். அளவு லேஸிடம், பூட்டு ஜிப்பிடம். நான் மேலே சொன்ன பிரிவினை இதைவிடத் தெளிவாக எங்கும் கிடையாது.

இதே யோசனையை மாற்றுத்திறனாளிகளுக்காக வேறு திசையில் கொண்டுபோனவர் சியாட்டிலைச் சேர்ந்த பில்லி பிரைஸ். இளவயதில் விழுந்து கழுத்தெலும்பு முறிந்தவர், விரல்கள் ஒத்துழைக்காது. அவர் கூட்டாக நடத்தும் பில்லி ஃபுட்வேரில் ஜிப் பக்கவாட்டில் தொடங்கி விரல் முனையைச் சுற்றிப் போகிறது. திறந்தால் ஷூவின் மேல்பாகம் முழுக்க மடங்கித் திறந்துகொள்ளும். காலை முன்னோக்கித் திணிக்க வேண்டியதே இல்லை, மேலிருந்து அப்படியே வைக்கலாம். கணுக்கால் மடங்காதவர்கள், காலில் தாங்குகருவி அணிந்த குழந்தைகள் ஆகியோருக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பது அவர்களுக்கு ஷூ மாட்டிவிடும் அம்மாக்களுக்குத் தெரியும்.

ஜிப்பின் குறையையும் சொல்லிவிட வேண்டும். ஜிப் போனால் ஷூ போச்சு. மண்ணும் தூசியும் பல்லில் புகுந்தால் சிக்கும். வளைவான இடத்தில் உலோக ஜிப் விறைத்து நிற்கும், நைலான் சுருள் ஜிப் வளைந்து கொடுக்கும். உள்ளே மெல்லிய தோல் மடிப்பு இல்லையென்றால் கணுக்காலை உரசும், மழைத் தண்ணீரும் புகும். இழுப்பானில் விரல் நுழையும் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். மூட்டுவாதக் கைகளுக்குச் சின்ன இழுப்பான் பெரிய வதை. ஆனால் நம் ஊரில் ஒரு பெரிய ஆறுதல் உண்டு. பை, செருப்பு தைக்கும் கடையில் கொடுத்தால் ஜிப்பை மாற்றித் தைத்துக் கொடுத்துவிடுவார்கள். மேலே சொன்ன டயலுக்கும் மோட்டாருக்கும் இந்த வசதி கிடையாது.

கை படாமலே போடும் ஷூக்கள்தான் இப்போது விளம்பரங்களில் அதிகம். கிஸிக், ஸ்கெச்சர்ஸ் என்ற இரண்டு நிறுவனங்களின் ஷூக்களும் சிக்கலைக் குதிகாலில் தீர்க்கின்றன. ஆனால் இரண்டும் ஒன்றில்லை. கிஸிக்கில் பின்பக்கம் நசுங்கி மீண்டும் எழும், சுருள்வில் குணமுள்ள வளையம் உள்ளே இருக்கும். காலால் மிதித்தால் அமுங்கி, கால் உள்ளே போனதும் நிமிரும். 2019ல் நைக்கியே இந்த நுட்பத்துக்காக அந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. ஸ்கெச்சர்ஸின் ஸ்லிப்-இன்ஸில் நேர்மாறு: பின்பக்கம் நசுங்கவே நசுங்காத விறைப்பான பகுதி, மேல் விளிம்பு வெளிப்புறமாகச் சாய்ந்து, காலை வழுக்கி உள்ளே விடும் ஷூ ஹார்ன் வேலையைச் செய்கிறது, உள்ளே குதிகாலைப் பிடிக்க ஒரு மெத்தை. லேஸ் வைத்த மாடல்கள் இரண்டிலும் உண்டு. கிஸிக்கில் அதை ஒருமுறை கட்டி அளவு பிடிக்கலாம். ஸ்லிப்-இன்ஸின் பல மாடல்களில் எலாஸ்டிக் லேஸ்தான், அளவு பிடிக்க இடம் குறைவு.

நின்றபடியே, கையில் பையோ குழந்தையோ இருக்கும்போது போடலாம் என்பதில் இவற்றுக்கு நிகர் இல்லை. முதுகு வலிக்காரர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள், குனிந்தால் தலை சுற்றும் பெரியவர்கள் என்று உண்மையான பயனாளிகள் நிறையப் பேர். ஆனால் நுழைவது சுலபமானால் கழன்றுபோவதும் சுலபமாகிவிடும் ஆபத்து கூடவே வருகிறது. படி ஏறும்போது குதிகால் கிளம்பினால் வயதானவர் தடுமாறுவார். படியேறிப் பார்த்தால்தான் இது தெரியும், கடையின் வழவழப்பான தரையில் நாலடி நடந்தால் தெரியாது.

கீல் வைத்த நைக்கி கோ ஃப்ளைஈஸ் 2021ல், 120 டாலர் விலையில் வந்தது. அடியட்டை நடுவில் மடங்கி ஷூ வாயைத் திறந்து நிற்கும். காலை வைத்து அழுத்தினால் தலையில் குத்தும் டிக்டாக் கிளிப் மாதிரி சட்டென்று மறுநிலைக்குத் தாவிப் பூட்டிக்கொள்ளும். குதிகாலுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தட்டை மற்றக் காலால் மிதித்தால் கழன்றுவிடும். கழற்றுவதையும் இவ்வளவு தீவிரமாக யோசித்த வேறு ஷூ எனக்குத் தெரியாது. லேஸ் இல்லாததால் இது இந்த ஒப்பீட்டின் ஓரத்தில்தான் நிற்கிறது, அளவு பிடிக்கவும் வழி குறைவு. முதலில் குறைந்த எண்ணிக்கையில் விட்டதால் மறுவிற்பனைக்காரர்கள் அள்ளிக்கொண்டு விலையை ஏற்றினார்கள், உண்மையில் தேவைப்பட்ட மாற்றுத்திறனாளிகள் வெறுங்கையோடு நின்றார்கள் என்ற விமர்சனம் நியாயமானது. ஃப்ளைஈஸ் வரிசையே 2012ல் பெருமூளை வாதமுள்ள மேத்யூ வால்ஸர் என்ற பள்ளி மாணவர் நைக்கிக்கு எழுதிய கடிதத்திலிருந்து பிறந்தது. கல்லூரிக்குப் போகும்போதும் ஷூ லேஸ் கட்ட இன்னொருவரை எதிர்பார்த்திருக்க வேண்டுமா என்பதுதான் அவர் கவலை. 2015ல் வந்த முதல் ஃப்ளைஈஸ் ஷூவில் குதிகாலைச் சுற்றி ஜிப் இருந்தது. என் பார்வையில் அந்த முதல் வடிவமே இன்னும் மேலானது.

எதை வாங்கினாலும் பூட்டும் பொறியை மட்டும் பார்க்காதீர்கள். நுழையும்போது, லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்கு உள்ளே மடங்கிக்கொள்வதுதான் பாதி எரிச்சலுக்குக் காரணம். நாக்கின் இரு ஓரங்களும் ஷூவின் மேல்பாகத்தோடு எலாஸ்டிக்கால் தைக்கப்பட்டிருந்தால் மடங்காது. பின்பக்க உட்புறத் துணி வழுவழுப்பாக இருக்க வேண்டும். கவுண்டர் எனப்படும் பின்பக்க அட்டையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கிஸிக் மாதிரி நசுங்கி எழும்படி செய்யப்படாத சாதாரண ஷூவில் அது எளிதாக நசுங்கினால், ஆறு மாதத்தில் செருப்பாகிவிடும்.

சர்க்கரை நோயால் பாத உணர்வு குறைந்தவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். வேலூர் சிஎம்சியில் மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் பாதப் புண்களை ஆராய்ந்து, உணர்விழந்த காலை அழுத்தமும் உராய்வும்தான் புண்ணாக்குகின்றன என்று காட்டினார். அதே கதைதான் இங்கும். தளர்ந்த ஷூவில் கால் வழுக்கி உரசும், இறுகிய எலாஸ்டிக் அழுத்தினால் வலி தெரியாது. இவர்கள் கை படாத ஷூக்களையும் எலாஸ்டிக்கையும் தவிர்த்து, அகலமாகத் திறக்கும் ஜிப் அல்லது வெல்க்ரோவையும், மருத்துவரின் யோசனையையும் நாடுவது நல்லது.

கடைசியாகப் பள்ளி ஷூ. லேஸ் ஏன் தானாக அவிழ்கிறது என்று கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2017ல் ஆராய்ந்தார்கள். ஓடும்போது கால் தரையில் மோதும் அதிர்ச்சி முடிச்சைத் தளர்த்துகிறது, ஆடும் முனைகள் அதை இழுத்து அவிழ்க்கின்றன. அதனால் அம்மாக்கள் இரட்டை முடிச்சு போட்டு அனுப்புகிறார்கள். குழந்தையால் அதை அவிழ்க்க முடியாது, குதிகாலை மிதித்தே கழற்றுகிறது, அரையாண்டுத் தேர்வுக்குள் ஷூ கிழிகிறது. சின்ன வகுப்புகளுக்கு வெல்க்ரோ கிடைக்கிறது, ஆனால் அதன் கொக்கிகளில் நூலும் தூசியும் சேர்ந்து ஒட்டாமல் போகும். பெரிய வகுப்புகளில் பல பள்ளிகள் லேஸ் ஷூதான் வேண்டும் என்கின்றன.

ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் வெளிநாட்டு நிறுவனங்களுக்காக நல்ல ஷூக்களைத் தைக்கிறார்கள். அவர்களால் செய்ய முடியாதது இல்லை. கறுப்பு ஷூ, முன்னால் உண்மையான லேஸ், உட்பக்கக் கணுக்கால் ஓரமாக நைலான் சுருள் ஜிப், அதன் பின்னால் ஒரு மடிப்பு, தைத்து ஒட்டிய நாக்கு, மாற்றித் தைக்கக்கூடிய ஜிப் ஓரம். பள்ளி விதியும் நிற்கும், குழந்தையும் தன் கையாலேயே போட்டுக் கழற்றும். இப்படி ஒரு ஷூவை நியாயமான விலையில் யாராவது கடைக்குக் கொண்டுவந்தால் முதல் ஆளாகப் போய் வாங்கிவிடுவேன்.