சுறாவா நெத்தலியா: பிள்ளைத்தாச்சிக்கும் பால் குடுக்கிற அம்மாவுக்கும் எந்த மீன் நல்லது?

வயித்தில பிள்ளை இருக்கேக்க மீன் சாப்பிடலாமா எண்டு கேட்டா எல்லாரும் சாப்பிடச் சொல்லித்தான் சொல்லுவினம், ஆனா எந்த மீன் எண்டு கேட்டா ஆளுக்கொரு கதை. கொழும்பு வெள்ளவத்தைப் பக்கம் எங்கட ஆக்களுக்குள்ள பாத்தா ரெண்டு கட்சி இருக்கு. ஒண்டு பெரிய மீன் கட்சி, சுறா, தலபத் (மயில் மீன்), தோரா (வஞ்சிரம்), துண்டு துண்டா வெட்டித் தருவாங்கள், முள்ளுக் குறைவு, சமைக்கவும் லேசு. மற்றது நெத்தலி, சாளை, ஹுருல்லா எண்டு சின்ன மீன் கட்சி. நான் ரெண்டாவது பிள்ளைக்கு இப்பவும் பால் குடுக்கிறன், இந்தப் பிள்ளை வயித்தில இருக்கேக்கயே சின்ன மீன்தான் எண்டு முடிவெடுத்திட்டன், அதால அந்தப் பக்கம் சாஞ்சுதான் எழுதுறன்.

புரதம் ரெண்டிலயும் தாராளம். விலையில சின்ன மீன் லாபம் எண்டது சந்தைக்குப் போற எல்லாருக்கும் தெரியும். ருசி அவரவர் நாக்கு. இதுகளில மினக்கெட வேண்டாம்.

முடிவைத் தீர்மானிச்சது பாதரசம். கடல்ல இருக்கிற பாதரசம் மெதில்மேர்க்கரி எண்ட உடம்பில சேரக்கூடிய வடிவமா மாறி முதல்ல நுண்ணுயிர்களுக்குள்ள போகும், அதைச் சின்ன மீன் தின்னும், சின்ன மீனைப் பெரிய மீன் தின்னும், ஒவ்வொரு படியிலயும் அளவு கூடிக்கொண்டே போகும். நெத்தலி கொஞ்சக் காலம்தான் உயிரோட இருக்கும், சேர்க்கிறதுக்கு நேரமே இல்ல. சுறா வருசக்கணக்கா வாழ்ந்து மற்ற மீன்களைத் தின்டு தின்டு எல்லாத்தையும் தன்ர தசையில சேர்த்து வைக்கும். தசையோட ஒட்டியிருக்கிறதால மஞ்சள் போட்டுக் கழுவினாலும் போகாது, புளி விட்டு அவிச்சாலும் போகாது, பொரிச்சாலும் போகாது. அம்மாவின்ர ரத்தத்தில இருந்து நச்சுக்கொடி வழியா பிள்ளைக்குப் போகும், அது பாதிக்கிறது வளர்ந்துகொண்டிருக்கிற மூளையையும் நரம்பையும். தாய்ப்பால்லயும் கொஞ்சம் வரும், வயித்தில இருக்கேக்க போறதை விடக் குறைவு. எங்கட உடம்பில சேர்ந்ததில பாதி வெளியேறவே கிட்டத்தட்ட ரெண்டு மாசம் எடுக்கும், அதால பிள்ளைக்கு யோசிக்கிற காலத்திலயே மீனை மாத்திறது நல்லது.

அமெரிக்காவின்ர உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான எஃப்டிஏ பிள்ளைத்தாச்சியளுக்கும் பால் குடுக்கிறவைக்கும் தவிர்க்கச் சொல்லி ஒரு பட்டியல் வச்சிருக்கு, அதில சுறா, வாள்மீன், மார்லின், கிங் மெக்கரல், பெரிய கண் டூனா எல்லாம் இருக்கு. எங்கட சந்தையில கொப்பரா எண்டு விக்கிறது மார்லின், தலபத் அதின்ர சொந்தக்காரன், ரெண்டையும் நான் முழுசா விட்டிட்டன். தோராவும் அந்தக் கிங் மெக்கரல் இனம்தான், விசேசத்துக்கு ஒரு துண்டோட நிப்பாட்டுறன். கெலவல்லா எண்ட மஞ்சள் செட்டை டூனா நடுத்தரம், கிழமைக்கு ஒருக்காப் போதும். நெத்தலி, சாளை மாதிரிக் குறைஞ்ச பாதரச மீன் எண்டா கிழமைக்கு 225 தொடக்கம் 340 கிராம் வரைக்கும் சாப்பிடச் சொல்லியே சொல்லீனம். செவ்வாய் வெள்ளி மரக்கறி எண்டு இருக்கிற வீட்டிலயும் இந்த அளவு மற்ற நாளுகளிலயே சரிவந்திடும்.

இனி பால்சுறா விசயம், இதுதான் வீட்டில கதைக்கக் கஷ்டமான இடம். பிள்ளை பெத்த வீட்டில பால்சுறாக் கறியும் சுறா வறையும் இல்லாம பத்தியமே இல்ல. "சுறா தின்னாட்டி பால் எப்பிடிப் பிள்ளை ஊறும்" எண்டு மாமி கேட்டா, அவ சொல்லுறது அன்பில, அதை நான் ஒருநாளும் தட்டிப் பேச மாட்டன். ஆனா பால் ஊறுறது பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான், மார்பு எவ்வளவு அடிக்கடி வெறுமையாகுதோ அவ்வளவு சுரக்கும். அம்மாவுக்கு வழமையை விடக் கிட்டத்தட்ட 500 கலோரி கூட வேணும், தண்ணி வேணும், நித்திரை வேணும். மீன் பாலின்ர அளவைக் கூட்டுறதை விட அதுக்குள்ள இருக்கிற கொழுப்பைத்தான் மாத்தும், பிள்ளையின்ர மூளைக்கும் கண்ணுக்கும் தேவையான டிஎச்ஏ எண்ட ஒமேகா-3 கொழுப்பு அம்மா சாப்பிடுற மீனைப் பொறுத்துத்தான் பால்ல கூடும் குறையும், அது சாளையிலயும் ஹுருல்லாவிலயும் நல்லா இருக்கு. அதால நான் மாமியிட்ட "மாமி, சரக்கு நீங்கள் அரைக்கிற மாதிரியே அரைப்பம், மீனை மட்டும் மாத்துவம்" எண்டு கேட்டன். மிளகு, சீரகம், மல்லி, வேர்க்கொம்பு, உள்ளி எல்லாம் அதே, சுறாவுக்குப் பதிலா நெத்தலி. சாளையை அவிச்சு முள்ளெடுத்து உதிர்த்துத் தேங்காய்ப்பூ போட்டு வறையும் செய்தம், சுறா வறை மாதிரி அவ்வளவு உதிரியா வராது, ஆனா சோத்தோட நல்லா இருந்துது.

முள்ளும் சின்ன மீனுக்குத்தான் சாதகம். கர்ப்பத்திலயும் பால் குடுக்கேக்கயும் நாளைக்கு 1000 மில்லிகிராம் கல்சியம் வேணும், நெத்தலியை முள்ளோட சாப்பிடுறதால அதில ஒரு பங்கு சாப்பாட்டிலயே வரும். தோராத் துண்டில முள்ளை ஒதுக்கி வைக்கிறம், கல்சியமும் அதோட குப்பைக்குப் போகுது. அதுக்காக கிளினிக்கில குடுக்கிற கல்சியக் குளிசையை நிப்பாட்டாதேங்கோ, இரும்புக் குளிசையோட ஒரே நேரத்தில போடாம இடைவெளி விட்டுப் போடுங்கோ, திரிபோஷா எண்ட சத்துமா தந்தா அதையும் சாப்பிடுங்கோ.

சின்ன மீன்ல கஷ்டம் இல்லாம இல்ல. துப்புரவாக்கிறது பெரிய வேலை, முதல் மூண்டு மாசம் அந்த மணம் வயித்தைப் பிரட்டும், எங்கட வீட்டில அவர்தான் வெட்டித் தந்தவர், அப்பிடி ஒரு ஆள் இல்லாட்டி பெரிய மீன் ஏன் லேசு எண்டு எனக்கும் விளங்குது. புறக்கோட்டையில வாங்கிற காய்ஞ்ச நெத்தலியில உப்புக் கூட, சுடுதண்ணியில ஊறவிட்டு அந்தத் தண்ணியை ஊத்திட்டுச் சமைக்க வேணும், பிரசர் இருக்கிறவை டொக்டரிட்ட கேட்டிட்டுத் தொடுங்கோ. பச்சை மீனெண்டா காலமையே வாங்குங்கோ, பேலியகொடை மீன் சந்தையில இருந்து வந்த மீன் ஐஸ் இல்லாம வெய்யிலுக்குள்ள கிடந்தா பலயா (ஒரு டூனா வகை), ஹுருல்லா மாதிரி மீன்ல ஹிஸ்டமின் உண்டாகும், சமைச்சாலும் அது அழியாது, உடம்பெல்லாம் சிவந்து கடிக்கும், தலையிடிக்கும்.

டின் மீன் பற்றி நான் பெரிசா சொல்ல ஏலாது, மணம் ஒத்துவராததால எப்பவாவதுதான் சாப்பிட்டனான். முள்ளு மெத்தெண்டு வெந்திருக்கும், டின் சாளை 100 கிராம்ல கிட்டத்தட்ட 380 மில்லிகிராம் கல்சியம் இருக்கு, வேலைக்குப் போற அம்மாவுக்கு மீன் வெட்ட நேரமில்லாட்டி சுறாவை விட நான் இதைத்தான் சொல்லுவன். உப்பு கூட எண்டதால அந்தக் கறிக்கு வேற உப்புப் போடாதேங்கோ.

கடையில வெட்டி வச்ச துண்டெண்டா பேரைக் கேக்காம வாங்காதேங்கோ. மோரா எண்டு சொன்னா அது சுறா. தோல் உரிச்சு வச்சா எல்லா மீனும் ஒரே வெள்ளைதான், சந்தேகமா இருந்தா அதை விட்டிட்டு அரைக் கிலோ சாளையை வாங்கிக்கொண்டு வாங்கோ.