நகமா, எலும்புத் தகடா, தீர்ந்த பேனாவா: காகித மடிப்புக்கு எது ஏற்றது?

காகிதம் மடியும்போது வெளிப்பக்க நார்கள் இழுபடுகின்றன, உட்பக்க நார்கள் நெருக்குண்டு புடைக்கின்றன. மெல்லிய தாளில் இது கண்ணுக்குத் தெரிவதில்லை. தடித்த அட்டையிலோ வெளிப்புறம் வெடித்துப் பிசிறு கிளம்பி, மடிப்பே கோணிவிடுகிறது. ஆகவே தாளின் தடிமனைப் பார்க்காமல் கருவிகளை ஒப்பிடுவதில் பொருளில்லை.

80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) நகல் தாளுக்கும், அதைவிட மெல்லிய ஓரிகாமித் தாளுக்கும் விரல்நகமே போதும். விளிம்பும் விளிம்பும் பொருந்தியிருப்பதை விரல் நுனியே உணர்ந்து சொல்லும் என்பதால், சிறிய மடிப்புகளில் நான் வேறு எதையும் தேடுவதில்லை. ஆனால் நகத்தின் அழுத்தம் ஒரு புள்ளியில் மட்டுமே விழுவதால், நீண்ட மடிப்பில் ஓரிடம் கூர்மையாகவும் அடுத்த இடம் தளர்வாகவும் அமைந்துவிடும். அங்கே புத்தகம் கட்டுவோர் மடிப்பைத் தேய்த்து அழுத்தக் கையாளும் வழுவழுப்பான எலும்புத் தகடு தெளிவாக முந்துகிறது. அதன் குறை, அடர்நிறத் தாளில் தேய்த்த இடம் பளபளப்பது; மேலே ஒரு வெற்றுத் தாளை வைத்துத் தேய்த்தால் அது நேராது. டெஃப்லான் தகடு பளபளப்பை உண்டாக்காது என்றாலும், மென்மையான பொருள் என்பதால் அதன் விளிம்பு விரைவில் மழுங்கும்.

ஏறத்தாழ 200 ஜி.எஸ்.எம்.மைத் தாண்டிய அட்டையில் இவை எதுவும் தனியாக உதவாது. மடிப்பதற்கு முன்பே மடிப்புக் கோட்டில் ஒரு பள்ளமாகத் தடம் அழுத்த வேண்டும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவும் இரும்பு ஸ்கேலும், அடியில் சற்று அமுங்கும் விரிப்பும் இருந்தால், விலையுயர்ந்த கருவிகளுக்கு நிகரான தடம் கிடைக்கிறது. ஒரே மூச்சில் ஆழமாக அழுத்தாமல், இரண்டு மூன்று முறை மெதுவாக இழுப்பது நல்லது. பேனா பதிந்த பக்கம் பள்ளமாகவும் மறுபக்கம் சிறு மேடாகவும் தெரியும். பலரும் பள்ளத்தை நோக்கி மடிக்கிறார்கள், உண்மையில் மேடு மடிப்பின் உள்ளே போகும்படி மடித்தால்தான் வெளிப்புற நார்கள் குறைவாக இழுபடும்.

கட்டர் கத்தியால் பாதி ஆழம் கீறி, கீறல் வெளிப்புறம் வரும்படி மடிப்பது இந்த முறைகள் எல்லாவற்றிலும் கூர்மையான ஓரத்தைத் தரும். ஒருமுறை மடித்து ஒட்டிவிடும் மாதிரிக் கட்டடங்களுக்கு அது பொருந்தும். திறந்து மூடும் வாழ்த்து அட்டைக்கோ பெட்டி மூடிக்கோ அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நார்கள் அறுபட்ட இடம் நாளடைவில் கிழிந்துவிடும்.

இவை அனைத்தையும்விட முக்கியமானது நார்த்திசை, அதாவது தாளின் நார்கள் பெரும்பாலும் படிந்திருக்கும் திசை. ஒருமுறை கறுப்புப் பூச்சுள்ள அட்டையில் கவனமாகத் தடம் அழுத்தி மடித்தும், மடிப்பு நெடுக வெள்ளை வெடிப்புத் தெரிந்தது. நாருக்குக் குறுக்கே மடித்திருந்தேன். அட்டையை இரு திசைகளிலும் மெல்ல வளைத்துப் பார்த்து, எளிதாக வளைந்த திசையில் மடிப்பு வரும்படி மறு துண்டை வெட்டியபோது, அதே பேனாவிலும் அதே ஸ்கேலிலும் ஒரு வெடிப்புகூட இல்லாமல் மடிந்தது.