புது சிம்மும் முடங்கிய கணக்கும்: ஒரு சதாபிஷேகப் பயணம்

ஊருக்குப் போனதும் இந்திய சிம் ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்வது நம் எல்லோருக்கும் வழக்கம். வாங்குங்கள், தேவைதான். ஆனால் அந்தப் புது எண்ணில் உடனே ஒரு மெசேஜிங் கணக்கைத் திறந்து, சொந்தபந்தம் முழுக்கச் செய்தி அனுப்பிவிடலாம் என்று நினைத்தால் அது ஒரு நாள்கூடத் தாங்காமல் போகலாம். இந்தத் தை மாதம் எங்கள் வீட்டு விசேஷத்தில் கண்ணெதிரே பார்த்தேன்.

அப்பாவுக்கு எண்பது நிறைந்தது. சதாபிஷேகம் திருக்கடையூரில்தான் என்று அம்மா பல வருடங்களுக்கு முன்பே சொல்லி வைத்திருந்தார். ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து நான் கும்பகோணம் வந்து சேர்வதற்குள் பாதி ஏற்பாடு முடிந்திருந்தது, அதுவும் போனிலேயே. வாத்தியார் ஹோமச் சாமான் பட்டியலைத் தன் கையால் எழுதி, படம் பிடித்து வாட்ஸப்பில் போட்டிருந்தார். அறைகளுக்கு முன்பணம் கட்ட கியூஆர் கோடு வந்ததும் அதில்தான், ரசீது வந்ததும் அதில்தான். சமையல்காரர் எதையும் எழுத மாட்டார். "அண்ணே, அசோகாவா அக்காரவடிசலா, ஒண்ணு சொல்லிடுங்க" என்று விடியற்காலையில் குரல் செய்தி விடுவார். வேன்காரருக்கு லொகேஷன் போனால்தான் வண்டி நகரும்.

சென்னையில் இறங்கிய அன்று மெட்ரோ டிக்கெட்டையும் வாட்ஸப்பிலேயே எடுத்தேன். அந்த வசதி 2023 மே மாதம் முதல் இருக்கிறது. அம்மா கேஸ் சிலிண்டர் பதிவு செய்வதும் அதில்தான். உண்மையிலேயே வசதியாக இருக்கிறது. ஜெர்மனியில் இதே மாதிரி வேலைகளுக்கு இன்னமும் தபாலில் கடிதம் வருகிறது. ஒரே ஒரு சங்கடம்: கணக்கு இல்லாதவன் ஊரில் கை கட்டி உட்கார வேண்டியதுதான்.

தனி எண் யோசனை அக்கா மகனுடையது. "மாமா, ஃபங்ஷனுக்குன்னு ஒரு நம்பர் வாங்கிடலாம். உங்க ஜெர்மன் நம்பர்லேர்ந்து மெசேஜ் வந்தா யாரும் திறக்கவே மாட்டாங்க" என்றான். அதில் நியாயம் இருந்தது. 2023 மே வாக்கில் +84, +62 என்று தொடங்கும் எண்களிலிருந்து இந்தியா முழுக்க வாட்ஸப்பில் மோசடி அழைப்புகள் குவிந்தன. அதற்கப்புறம், போலீஸ் என்று சொல்லி வீடியோ அழைப்பில் மிரட்டிப் பணம் பறிக்கும் 'டிஜிட்டல் அரெஸ்ட்' கும்பல்கள் வந்தன. +91 இல்லாத எண்ணைப் பார்த்தாலே பெரியவர்கள் மிரளுகிறார்கள். மிரளட்டும், நல்லதுதான்.

மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் கடையில் ஆதார், கைரேகை, முகப்படம் எல்லாம் கொடுத்துவிட்டு டீ குடித்து வருவதற்குள் சிம் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. பையன் அதை ஒரு பழைய போனில் போட்டு, அன்று மாலையே இரண்டு மூன்று ஆப்களில் கணக்குத் தொடங்கினான். அப்பா வழி, அம்மா வழி, பழைய தெரு, அப்பாவின் ஆபீஸ் நண்பர்கள் என்று வரிசையாகக் குழுக்கள். ஒவ்வொன்றிலும் ஆட்களை மளமளவென்று சேர்த்தான். குழுவுக்குள் வராதவர்களுக்கு அழைப்பிதழ் பிடிஎஃப் தனித்தனியாகப் போனது. ராத்திரி இட்லிக்கு உட்காரும்போது வந்து நின்றான். "மாமா, அக்கவுண்ட்டைத் தூக்கிட்டாங்க." திரையில் கணக்கு முடக்கப்பட்டிருப்பதாக ஒரு வரி, அதற்குக் கீழே மறுபரிசீலனை கேட்க ஒரு பொத்தான், அவ்வளவுதான். எந்த ஆப் என்று சொல்லப் போவதில்லை. இந்த விஷயத்தில் எல்லாமே அண்ணன் தம்பிதான்.

எதற்காகத் தூக்குகிறார்கள்? வாட்ஸப் 2019இல் வெளியிட்ட ஓர் அறிக்கை இதை வெளிப்படையாகவே சொல்கிறது. கணக்குப் பதிவாகும்போது, செய்தி அனுப்பும்போது, மற்றவர்கள் புகார் செய்யும்போது என்று மூன்று இடங்களில் சல்லடை போடுகிறார்கள். உலகம் முழுக்க மாதம் 20 லட்சம் கணக்குகளுக்கு மேல் நீக்குவதாகவும், அவற்றில் 75 சதவீதத்துக்கு மேல் அண்மையில் யாரும் புகார் செய்யாமலேயே பிடிபட்டவை என்றும், சுமார் 20 சதவீதம் பதிவின்போதே சிக்கியவை என்றும் அதில் இருந்தது. அவர்கள் காட்டிய உதாரணம் எங்கள் வீட்டுக்கென்றே எழுதியது போல இருக்கும்: கணக்குத் தொடங்கி ஐந்து நிமிடத்தில், 15 விநாடிக்குள் 100 செய்தி அனுப்ப முயன்றால் அது ஏறக்குறைய நிச்சயமாகத் தவறான கணக்கு. டஜன் கணக்கில் குழுக்களை அவசர அவசரமாகத் தொடங்கினாலும் அதே முடிவுதான்.

செய்திகள் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்பட்டவை என்பதால், யாராவது புகார் செய்து அனுப்பும் செய்திகளைத் தவிர, உள்ளே இருப்பதை அவர்களால் பார்க்க முடியாது. அபிராமி அம்மன் படம் போட்ட பத்திரிகையா, வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் என்ற மோசடியா, மென்பொருளுக்குத் தெரியாது. எண் எவ்வளவு புதியது, எவ்வளவு வேகமாக அனுப்புகிறது, எத்தனை பேர் பிளாக் செய்தார்கள் என்று நடத்தையைத்தான் அது பார்க்கிறது. அப்படிப் பார்த்தால் விசேஷ வீட்டின் முதல் நாளுக்கும் மோசடிக் கும்பலின் முதல் நாளுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. நம் ஊரில் இது எவ்வளவு பெரிய தலைவலி என்பதற்கு ஒரு கணக்கு. 2021 ஐடி (தகவல் தொழில்நுட்ப) விதிகளின்படி வாட்ஸப் தந்த முதல் அறிக்கையில், அந்த ஆண்டு மே 15 முதல் ஜூன் 15 வரை மட்டும் இந்தியாவில் சுமார் 20 லட்சம் கணக்குகள் தடை செய்யப்பட்டிருந்தன. 95 சதவீதத்துக்கு மேல் மொத்தச் செய்தி, தானியங்கிச் செய்தி அனுப்பியதற்காக.

புகார் எங்கிருந்து போயிருக்கும் என்பது ஸ்ரீரங்கத்துச் சித்தி போன் செய்தபோது தெரிந்தது. "நீங்கதானாடா அது? ஏதோ ஏபிகே கும்பல்னு நெனச்சு ரிப்போர்ட் பண்ணி பிளாக்கும் பண்ணிட்டேன்." சித்தியைச் சொல்லிக் குற்றமில்லை. கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை நிறுவும் கோப்பு) அனுப்பி, தொட்டவர்களின் போனுக்குள் புகுந்து பணம் பறிப்பது சில காலமாக நடக்கிறது. 2024 நவம்பரில் இமாச்சலப் பிரதேச சைபர் போலீஸ் இதைப் பற்றி எச்சரித்தது, பத்திரிகைகளிலும் நிறைய வந்தது. தெரியாத எண்ணிலிருந்து "அழைப்பிதழ்" என்று ஒரு கோப்பு. சித்தி செய்ததைத்தான் செய்ய வேண்டும்.

இன்னொரு காரணமும் இருந்திருக்கலாம், எங்கள் எண்ணே சுத்தமான எண் இல்லை. சிம் போட்ட மறுநாளிலிருந்து ஏதோ கடன் தவணை கேட்டு அழைப்புகள். கேட்ட பெயரில் எங்கள் குடும்பத்தில் யாரும் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் போனில் ட்ரூகாலர் எங்கள் எண்ணைச் சிவப்பாகக் காட்டியது. இந்தியாவில் எண்கள் கை மாறிக்கொண்டே இருக்கின்றன. துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள் வரை வேறு யாருக்கும் தருவதில்லை என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023இல் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. அதற்குப் பிறகு அது உங்கள் கைக்கு வரலாம், முந்தையவரின் பெயர் கெட்ட கதையோடு சேர்த்து. அவர் இரட்டைச் சரிபார்ப்பு பின் வைத்திருந்தால் அதுவும் ஒரு முட்டுக்கட்டை. வாட்ஸப்பில் அந்த பின் தெரியாவிட்டால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். கடையில் சிம் வாங்கும்போது இரண்டு மூன்று எண்களைக் காட்டுவார்கள். ஃபேன்ஸியாக இருக்கிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, அந்த எண் ட்ரூகாலரில் யார் பெயரில் இருக்கிறது என்று அங்கேயே நின்று பாருங்கள்.

கடைக்காரத் தம்பியிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் தந்த மருந்து: "சார், ஜிபி வாட்ஸப் போட்டுத் தரேன். அதுல எத்தனை பேருக்கு வேணும்னாலும் அனுப்பலாம்." வேண்டவே வேண்டாம். இந்த மாதிரி மாற்றிய ஆப்களைப் பயன்படுத்தினாலே வாட்ஸப் தற்காலிகத் தடை போடும், தொடர்ந்தால் நிரந்தரத் தடைதான். மொத்தமாக அனுப்பும் மென்பொருள் விற்கிறவர்களும் கடைத்தெருவில் இருக்கிறார்கள். அவர்களுடைய வாடிக்கையாளர்களைப் பிடிக்கத்தான் இந்தச் சல்லடையே.

மறுபரிசீலனைக்குப் போட்டோம். எண்ணுக்கு வந்த ஆறு இலக்கக் குறியீட்டைக் கொடுத்து, 'குடும்ப விசேஷத்துக்காக உறவினர்களுக்கு அழைப்பிதழ் அனுப்பினோம்' என்று இரண்டு வரி எழுதினான் பையன். மறுநாள் சாயங்காலம் கணக்கு திரும்பி வந்தது. முதலில் குறியீடு வருவதற்குள்ளேயே அவன் வரவில்லை என்று மறுபடி மறுபடி பொத்தானை அழுத்தப் பார்த்தான், நான்தான் போனைப் பிடுங்கி வைத்தேன். அழுத்த அழுத்தக் காத்திருக்க வேண்டிய நேரம் கூடிக்கொண்டே போகும். மறுபரிசீலனையிலும் முடியாது என்று சொல்லிவிட்டால் சட்டப்படி வழி இருக்கிறது. ஐடி விதிகளின்படி ஒவ்வொரு பெரிய ஆப்புக்கும் இந்தியாவில் குறைதீர் அதிகாரி உண்டு. 24 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், 7 நாளில் தீர்க்க வேண்டும் (2026 பிப்ரவரி வரை இது 15 நாளாக இருந்தது). அதிலும் திருப்தி இல்லை என்றால் 2023 மார்ச் முதல் இயங்கும் மத்திய அரசின் மேல்முறையீட்டுக் குழுவுக்கு 30 நாளுக்குள் ஆன்லைனிலேயே போகலாம். அடுத்த வாரம் விசேஷத்தை வைத்துக்கொண்டு இதெல்லாம் ஆகிற காரியமா என்றால், இல்லை.

காரியத்தை முடித்துக் கொடுத்தது அம்மாவின் போன். அந்த எண்ணை எல்லோரும் சேமித்து வைத்திருக்கிறார்கள், வருடக்கணக்கில் தினமும் காலை வணக்கம் அனுப்பிய கணக்கு அது. பையன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு குழு தொடங்கி, யாரையும் தானாகச் சேர்க்காமல், சேருவதற்கான இணைப்பை மட்டும் அம்மாவின் குரல் செய்தியோடு அனுப்பினான். விருப்பமுள்ளவர்கள் வந்தார்கள். பிராட்காஸ்ட் பட்டியலும் போட்டான். அதில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்தவர்களுக்கு மட்டும்தான் போகும். புது எண்ணில் அதனால் பயனே இல்லை, அம்மா எண்ணில் அருமையாக வேலை செய்தது. புது எண்ணை வேன்காரருக்கும் சமையல்காரருக்கும் மட்டும் வைத்துக்கொண்டோம். அதிலும் முதலில் போன் செய்து பேசி, "நீங்க ஒரு ஹாய் போடுங்க" என்று அவர்களை முதலில் எழுத வைத்தோம். அதற்குப் பிறகு ஒரு தொந்தரவும் இல்லை.

வேறு ஆப்புக்கு ஓடினால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். டெலிகிராமில் கணக்கு முழுதாகப் போகாமல், தெரியாதவர்களுக்கு எழுத முடியாதபடி கட்டுப்பாடு விழும். அங்கே ஸ்பாம்பாட் என்ற கணக்கிடம் கேட்டால் நிலவரம் சொல்லும். சிக்னலும் பதிவின்போது நீங்கள் மனிதர்தானா என்று சோதிக்கும். ஜோஹோ நிறுவனத்தின் 'அரட்டை' ஆப்பில் எங்கள் வீட்டு இளவட்டங்கள் 2025 செப்டம்பர் அலையில் சேர்ந்திருந்தார்கள், பெரியவர்கள் யாரும் வரவில்லை.

என்னுடைய சொந்த உபயோகத்துக்கு நான் எதையும் மாற்றவில்லை. இந்திய சிம்மைப் போனில் போட்டதும் 'எண்ணை மாற்றவா' என்று வாட்ஸப் கேட்கும், வேண்டாம் என்று சொன்னால் போதும். ஜெர்மன் எண்ணிலேயே கணக்கு ஓடும். டேட்டாவும் ஓடிபியும் இந்திய சிம்மில். இரண்டும் வேண்டும் என்பவர்களுக்கு 2023 அக்டோபர் முதல் ஆண்ட்ராய்டில் ஒரே ஆப்புக்குள் இரண்டு கணக்கு வைக்கும் வசதி இருக்கிறது. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே எண் கைக்கு வர வழியிருந்தால், அதில் வீட்டாரோடு மட்டும் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு அப்புறம் மெதுவாக வெளியே வாருங்கள்.

+91 எண்ணில் வாட்ஸப் வைத்துக்கொண்டு, சிம்மை ஊரில் அப்பாவின் போனிலோ மேசை இழுப்பறையிலோ விட்டு வந்தவர்கள் நம்மில் ஏராளம். அவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. 2025 நவம்பர் இறுதியில் தொலைத்தொடர்புத் துறை மெசேஜிங் ஆப்களுக்கு ஓர் உத்தரவு போட்டது: பதிவு செய்த சிம் போனுக்குள் இருந்தால்தான் ஆப் ஓட வேண்டும், கணினியில் திறந்த வெப் கணக்கு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியேற வேண்டும். 90 நாள் கெடு கொடுத்திருந்தது. டிஜிட்டல் அரெஸ்ட் கும்பல்களை மனதில் வைத்துப் போட்ட உத்தரவு, நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. சொன்னபடி அமலானால் இழுப்பறையில் கிடக்கும் சிம் கதைக்கு ஆகாது, எண்ணை வெளிநாட்டு எண்ணுக்கு மாற்றிக்கொள்வதுதான் நல்லது. ஆப்பில் உள்ள எண் மாற்றும் வசதியில் பழைய உரையாடல்கள் அப்படியே இருக்கும், விரும்பினால் தொடர்பில் உள்ளவர்களுக்கும் அதுவே சொல்லிவிடும்.

திரும்பும்போது செய்த வேலையையும் சொல்லிவிடுகிறேன், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விசேஷத்துக்கு வாங்கிய சிம்முக்கு இனி ரீசார்ஜ் போடப் போவதில்லை என்பதால், அது இருந்த குழுக்களில் அட்மின் பொறுப்பை அக்காவுக்கு மாற்றினோம், பூஜைப் படங்களைத் தனியாக எடுத்து வைத்தோம். பிறகு ஆப்புக்குள் போய்க் கணக்கையே அழித்தோம். சிம்மை மட்டும் தூக்கிப் போட்டால் அந்த எண் நாளைக்கு வேறொருவர் கைக்குப் போகும், நம் குழுக்களில் நம் பெயரோடு அது உட்கார்ந்திருக்கும். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் என் பெயரில் எத்தனை இணைப்புகள் என்று பார்த்ததில் எனக்கு நினைவே இல்லாத பழைய எண் ஒன்றும் இருந்தது. வேண்டாம் என்று அங்கேயே குறித்துவிட்டு வந்தேன்.